தேயிலை பழகிய நாக்குக்கு ஒயின் தூரமில்லை

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வங்கியில் வேலை பார்க்கிறார், ஒயினை ருசி பார்த்துத் தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. "வகுப்பெல்லாம் மும்பையிலும் பெங்களூரிலும்தான் நடக்கிறது. பிளாக்கரன்ட், செர்ரி, வயலட் பூ என்று எழுதுகிறார்கள். நான் அதையெல்லாம் மோந்து பார்த்ததே இல்லை. என்னால் முடியுமா? ஒயின் உலகச் செய்திகளும் படிக்கிறேன், பாதிக்கு மேல் பிடிபடவில்லை. எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம்? இப்போது கையில் இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் இருக்கிறது. கோயம்புத்தூரில் வாங்கிய, ஷிராஸ் திராட்சையில் செய்த நாசிக் ஒயின் ஒன்று. அடிலெய்டிலிருந்து அக்கா மகன் கொண்டுவந்த, கேபர்னே சாவிக்னான் திராட்சையில் செய்த கூனவாரா ஊர் ஆஸ்திரேலிய ஒயின் ஒன்று. எப்படித் தொடங்கட்டும்?"

முடியும், தம்பி. நான் குன்னூரில் தேயிலை புரோக்கர் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் டேஸ்டராக இருந்தவன். ஏல நாள் நெருங்கினால் ஒரே காலையில் இருநூறு, முந்நூறு கோப்பை ருசி பார்த்துத் துப்புவோம். ஒயின் பக்கம் நான் வந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். வந்து பார்த்தபோது பாதித் தூரம் ஏற்கெனவே நடந்து முடித்திருந்தது தெரிந்தது. மலையில் பிறந்து, காலையில் கட்டன் சாயா குடித்து, ரசமும் மோரும் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்கும் அப்படித்தான்.

முதலில் துவர்ப்பைப் பேசுவோம், ஏனென்றால் சிவப்பு ஒயினின் முதுகெலும்பு அதுதான். வெளிநாட்டு ஆசிரியர்கள் துவர்ப்பைத் தரும் டானின் என்பதை விளக்க மிகவும் பாடுபடுவார்கள். அது ருசியல்ல, வாயில் ஏற்படும் ஒரு உணர்ச்சி, நாக்கு உலர்ந்த மாதிரி இருக்கும் என்று சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. அறுசுவையில் ஒன்றாக அதற்குத் தனி இடம் கொடுத்து, சோற்றுத் தட்டிலேயே வாழைப்பூவாகவும் மாவடுவாகவும் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். கடுக்காய், பாக்கு, நாவற்பழத் தோல், கொதித்துப்போன டீ எல்லாம் துவர்ப்புதான், ஆனால் ஒரே துவர்ப்பு அல்ல. பாக்கின் துவர்ப்பு கன்னத்தைப் பிடித்து இழுக்கும். நல்ல ஆர்த்தடாக்ஸ் டீயின், அதாவது இலையாக உருட்டிச் செய்த டீயின் துவர்ப்பு நாக்கைச் சுறுசுறுப்பாக்கிவிட்டு விலகிவிடும். ஒயினிலும் இந்த வேறுபாட்டைத்தான் தேட வேண்டும். முரட்டுத் துவர்ப்பா, பட்டுப் போன்றதா, ஈறில் தங்குகிறதா, நடு நாக்கில் தங்குகிறதா? அதைச் சொல்லத் தெரிந்தால் ஒரு சிவப்பு ஒயினைப் பற்றி நாலு வாக்கியம் எழுதியாயிற்று.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் இன்னும் எளிது. எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றோடு ஒட்டித் திரித்துவிடுகிறது, வழவழப்பு போய் வாய் சொரசொரவென்று ஆகிறது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். எச்சில் புரதத்துக்குப் பதிலாகப் பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிடும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று இப்போது உங்களுக்கே புரியும். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே டீத்தூளைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சர்க்கரை இல்லாமல் ஒரு வாய். பிறகு அதிலேயே ஒரு ஸ்பூன் பால் விட்டு இன்னொரு வாய். ஒரு ரூபாய் செலவில்லாமல் டானின் பாடம் முடிந்தது.

அடுத்தது புளிப்பு. இதிலும் நம் வீட்டுச் சமையலறைதான் பள்ளிக்கூடம். திராட்சையில் இருக்கும் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். புளியங்காயில் இருப்பதும் அதே அமிலம்தான். ஆக, ரசம் சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் ஒயினின் அடிப்படைப் புளிப்பு அந்நியமல்ல. இரண்டாவது மாலிக் அமிலம்; பச்சை ஆப்பிள், நம் ஊர்ப் பேரிக்காய் இவற்றின் கூர்மையான புளிப்பு. மூன்றாவது லாக்டிக் அமிலம், தயிரின் மெத்தென்ற புளிப்பு. பெரும்பாலான சிவப்பு ஒயின்களிலும் சில வெள்ளை ஒயின்களிலும், நொதித்தல் முடிந்த பிறகு ஒருவகை பாக்டீரியா பச்சை ஆப்பிள் புளிப்பைத் தயிர்ப் புளிப்பாக மாற்றிவிடும். ஷார்டனே என்ற வெள்ளை ஒயின்கள் சிலவற்றில் வெண்ணெய் வாசனை வருவது அந்த வேலையின் மிச்சம். புளித் தண்ணீர், லேசாகப் புளித்த மோர், நறுக்கிய பேரிக்காய் மூன்றையும் வரிசையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ருசி பாருங்கள். எது பல்லைக் கூசவைக்கிறது, எது நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கிறது என்று கவனியுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும்.

இன்னொன்று, நம் ஊர்க் குளிரில் வைத்த வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் சில சமயம் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் தெரியும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அது குளிரில் உறைந்து இறங்கிய அதே டார்டாரிக் உப்பு, கெடுதல் ஒன்றுமில்லை.

இப்போது வாசனை. நீங்கள் பயப்படுவது இங்கேதான், நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இங்கேதான்.

நாக்கு சொல்வது கொஞ்சம். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. குன்னூர் மார்க்கெட்டில் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்றை மெல்லுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். மூக்கை விடுங்கள், ரோஜா வாசனை தொண்டையிலிருந்து மேலே ஏறும். டேஸ்டர்கள் சத்தமாக உறிஞ்சுவது இதற்காகத்தான். உறிஞ்சும்போது திரவம் துளித்துளியாகச் சிதறி, வாசனை வாயின் பின்பக்கமாக மூக்குக்குப் போகிறது. பன்னீர் திராட்சை மஸ்கட் குடும்பத்துப் பழம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பெயர். கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ரோஜா வாசனையைத் தருபவை லினலூல், ஜெரானியால் என்ற பொருள்கள். நம் தேயிலையின் பூவாசனையிலும் அவை இரண்டும் இருக்கின்றன! ஒரு குளிர்காலத்து நீலகிரி ஆர்த்தடாக்ஸ் டீயை மோந்துவிட்டு ஒரு மஸ்கட் ஒயினை மோந்தால் இரண்டும் தூரத்து உறவு என்று மூக்கே சொல்லிவிடும்.

மிளகு வாசனையைச் சொல்கிறேன். ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை என்று எழுதுவார்களே, அது உவமை அல்ல. ரோட்டன்டோன் என்ற ஒரே மூலக்கூறு மிளகிலும் இருக்கிறது, சில ஷிராஸ் திராட்சைகளின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பொருளுக்கு ரோட்டன்டோன் என்று பெயர் வந்தது மிளகிலிருந்தோ திராட்சையிலிருந்தோ அல்ல. அது முதலில் கண்டறியப்பட்டது கோரைக்கிழங்கில். அந்தச் செடியின் அறிவியல் பெயர் சைபீரஸ் ரோட்டண்டஸ். நம் பாட்டிமார் குளியல் பொடிக்கு அரைத்த அதே கோரைக்கிழங்கு. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்கில் ஏறவே ஏறாது என்பதும் தெரிந்திருக்கிறது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்லி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அது உங்கள் குறையல்ல, உங்கள் மூக்கின் அமைப்பு அப்படி.

நீங்கள் பார்க்காத பழங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாக்கரன்ட் தெரியாவிட்டால் போகிறது. நாவற்பழம் தெரியும், மே மாதம் குன்னூரில் குவியும் பிளம்ஸ் தெரியும், மரத்தக்காளி தெரியும், பேஷன் ஃப்ரூட் தெரியும், சோலையோரம் பறித்துத் தின்ற தவிட்டுப்பழம் தெரியும். குடைமிளகாயை நறுக்கும்போது வரும் பச்சை வாசனை தெரியும். சாவிக்னான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் அதே வாசனைப் பொருள்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் இந்தச் சொற்களையே எழுதுங்கள். "நாவற்பழம், ஈரமான செம்மண், கொஞ்சம் ஏலக்காய்" என்று எழுதிய குறிப்பை ஆறு மாதம் கழித்துப் படித்தால் அந்த ஒயின் மூக்கில் திரும்ப வரும். பிளாக்கரன்ட், செடார் என்று கடன் வாங்கி எழுதினால் வெறும் எழுத்துதான் மிஞ்சும். எங்கள் டேஸ்டிங் அறையிலும் இதுதான் நடந்தது. பழைய வெள்ளைக்கார டேஸ்டர்கள் விட்டுப்போன ஆங்கிலச் சொற்களைப் படிவத்தில் எழுதுவோம், ஆனால் ஒரு டீயை உண்மையில் நினைவு வைத்துக்கொண்டது "வறுத்த கடலைத் தோல்", "மழையில் நனைந்த வைக்கோல்" என்று தமிழில் பேசிக்கொண்டபோதுதான்.

கெட்ட வாசனைகளும் கற்க வேண்டும், நல்லதைவிட முன்பாகவே. காடி வாசனை, நகப்பூச்சு வாசனை வந்தால் ஒயின் வினிகராக மாறிக்கொண்டிருக்கிறது. வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை வந்தால் காற்று புகுந்துவிட்டது. மூன்றாவதுதான் முக்கியம். ஆடி மாதத்தில் பூட்டி வைத்த பீரோவைத் திறந்தால் வருமே, ஈரச் சாக்கும் பூசணமும் கலந்த வாசனை, அது ஒயினில் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. டி.சி.ஏ. என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ வாசனை அத்தனையும் அமுங்கிவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் செத்துவிட்டது.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். பல வருடம் முன்பு பெங்களூரில் ஒரு ருசி பார்க்கும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெரிய பெயர் கொண்ட பிரெஞ்சு பாட்டில் ஒன்றைத் திறந்து சுற்றி ஊற்றினார்கள். மோந்ததும் ஈரச் சாக்கு. தேயிலை சேம்பிளில் அந்த வாசனை வந்திருந்தால் ஒரு நொடியில் தள்ளி வைத்திருப்பேன், பாக்டரிக்கு போன் போட்டுக் கோணியைச் சோதிக்கச் சொல்லியிருப்பேன். அங்கே எல்லாரும் "காட்டுக் காளான், பழைய மண்" என்று பாராட்டினார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்து அதே ஒயினின் இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்கள். அதில் பழமும் பூவும் அப்படிப் பொங்கியது. முதல் பாட்டில் கார்க்கால் கெட்டுப்போனது என்று அப்போதுதான் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். என் மூக்கு சரியாகச் சொன்னதை லேபிளுக்காக நான் மறைத்தேன். அன்றிலிருந்து லேபிளைப் பார்க்காமல் ருசி பார்ப்பதை ஒரு விரதம் போல வைத்திருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரான்ஸின் ஒயின் ஊரான போர்தோவில் நடந்து 2001இல் வெளியான ஒரு ஆய்வில், ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினை வாசனையில்லாத சிவப்பு நிறமி கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே அவர்கள் எழுதினார்கள். கண் முதலில் முடிவு செய்துவிட்டால் மூக்கு அதன் பின்னால் போய்விடுகிறது. அதற்கும் முன்னால், 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பெயரை மறைத்து, பிரெஞ்சு ஒயின்களுக்கும் கலிஃபோர்னிய ஒயின்களுக்கும் ஒரு போட்டி வைத்தார். தீர்ப்புச் சொன்னவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். சிவப்பில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் முதலிடம் அதே கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மாண்டெலீனா, இரண்டும் 1973ஆம் வருடத்து ஒயின்கள். பாட்டிலில் பெயர் தெரிந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்பது என் திடமான கருத்து.

நம் ஏலத்துக்கு வரும் சேம்பிள்களில் எஸ்டேட் பெயர் இருக்கும், ஆனால் ருசி பார்க்கும் மேசையில் கோப்பைகள் வரிசையாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கும். அந்த முறையை ஒயினுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஒயினை ருசி பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எப்போதும் இரண்டு வேண்டும். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றச் சொல்லுங்கள், வீட்டில் ஒருவர் ஊற்றட்டும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வாசனை தங்க இடம் வேண்டும். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து நிறம் பாருங்கள். சிவப்பு ஒயின் வயதாக ஆக விளிம்பில் செங்கல் நிறம் ஏறும். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை மோந்து பாருங்கள். அப்புறம்தான் வாய். துப்புவதற்கு ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். ருசி பார்ப்பவன் துப்பித்தான் ஆக வேண்டும், எங்கள் தொழிலில் அது மரியாதைக் குறைவல்ல. அன்றைக்கு மல்லிகை, ஊதுபத்தி, சென்ட் எதுவும் அறையில் வேண்டாம்.

ஒன்றை மனதாரச் சொல்கிறேன். மலையில் குடியால் சீரழிந்த குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அந்தத் தொந்தரவு இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள், மூக்கையும் நாக்கையும் தேயிலையிலேயே தீட்டிக்கொள்ளலாம், அதுவும் குறைந்த கலையல்ல. காலி பாட்டிலைக் காட்டோரம் போடாதீர்கள். யானையின் காலில் கண்ணாடி ஏறுவதைத் தடுக்கத்தான் 2022இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் முதலில் நம் மாவட்டத்தில் தொடங்கியது.

சரி, செய்திகளுக்கு வருவோம்.

நான் எந்த ஒயின் செய்தியைப் படித்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன். இது கிளாஸுக்குள் இருப்பதை மாற்றுமா, அல்லது தோட்டக்காரர் கைக்குப் போகும் காசை மாற்றுமா? இரண்டும் இல்லையென்றால் அந்தச் செய்தியைத் தாண்டிவிடலாம். எந்த நடிகர் எந்தத் தோட்டத்தை வாங்கினார், எந்த ஒயினுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்பதெல்லாம் தாண்டவேண்டியவை. நூறு மதிப்பெண் முறையே ஐம்பதில்தான் தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

வானிலைச் செய்தியை விடாதீர்கள். 2021 ஏப்ரலில் பிரான்ஸில் கடும் உறைபனி விழுந்தது. அதற்கு முன் வெயில் அடித்திருந்ததால் கொடிகள் சீக்கிரமே துளிர்த்திருந்தன, அந்தத் துளிர்கள் கருகின. இரவெல்லாம் தோட்டத்தில் தீப்பந்தம் போல மெழுகுச் சட்டிகளை ஏற்றி வைத்தார்கள். மார்கழி, தையில் பள்ளமான இடங்களில் தேயிலை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நெஞ்சில் தைக்கும். சில இடங்களில் அவர்கள் துளிர்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூடு துளிரைக் காப்பாற்றுகிறது. அப்படிப்பட்ட வருடத்தில் விளைச்சல் குறையும், விலை ஏறும். அந்த வருட எண்ணைக் கொண்ட பாட்டிலைப் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு கதை தெரிந்திருக்கும்.

இந்திய ஒயின் செய்தி படிக்க ஒரு அடிப்படை தெரிய வேண்டும். ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கி, வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர் வாக்கில் அறுவடைக்கு வரும். நாசிக்கில் அந்தக் குளிர் இல்லை, மழைக்காலத்தில் பழம் பழுத்தால் அழுகும். அதனால் கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்த செப்டம்பர் அக்டோபர் வாக்கில் ஒருமுறை என்று இரண்டு முறை கொடியை வெட்டிக் கவாத்து செய்து, அறுவடையை ஜனவரி முதல் மார்ச் வரை இழுத்து வருகிறார்கள். கவாத்து என்றால் என்னவென்று தேயிலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நாசிக்கின் சூலா ஒயின் நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வெளியானது. 2022 டிசம்பரில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. இப்போது அந்த நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைப் படித்தாலே நாட்டில் ஒயின் விற்பனை எந்தப் பக்கம் போகிறது என்று ஓரளவு தெரியும்.

வரிச் செய்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்திரேலியாவோடு நம் நாடு செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒயினுக்கு இறக்குமதி வரி 150 சதவீதம். 5 டாலருக்கு மேல் விலையுள்ள பாட்டிலுக்கு அது உடனே 100 ஆனது, 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு 75. பத்து வருடத்தில் இவை 50, 25 என்று இறங்கும். ஆனால் அது மத்திய அரசின் சுங்க வரி மட்டும். மது ஜி.எஸ்.டி.க்குள் இல்லை, மாநிலத்தின் வரிகள் அதன்மேல் தனியாக ஏறும். அதனால் "ஆஸ்திரேலிய ஒயின் மலிவாகிறது" என்ற தலைப்பைப் படித்துவிட்டு மறுநாள் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

என்னை உண்மையில் உறங்கவிடாத செய்தி வேறு. உலகம் முழுக்க ஒயின் குடிப்பது குறைந்து வருகிறது, விளைச்சலும் குறைகிறது. 2023இல் உலக உற்பத்தி சுமார் 23.7 கோடி ஹெக்டாலிட்டர், 1961க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. 2024இல் அதற்கும் கீழே போனது. ஒரு ஹெக்டாலிட்டர் என்பது நூறு லிட்டர். போர்தோவிலேயே விற்காத ஒயின் தேங்கி, சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்கும் திட்டம் 2023இல் வந்தது. ஆஸ்திரேலிய பாட்டில் ஒயினுக்குச் சீனா 2021இல் 218 சதவீதம் வரை வரி போட்டு, 2024 மார்ச் கடைசியில்தான் நீக்கியது. அந்த மூன்று வருடத்தில் அங்கே தொட்டி தொட்டியாக ஒயின் தேங்கியது.

இதைப் படிக்கும்போது நான் நம் மலையைத்தான் நினைக்கிறேன். சோவியத் யூனியன் 1991இல் உடைந்தபோது, அதை நம்பியிருந்த நம் தேயிலை விலை என்ன பாடுபட்டது! பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று வாரா வாரம் கவலைப்படும் சிறு விவசாயியின் வீடு உங்கள் பக்கத்திலேயே இருக்கும், ஏன், உங்கள் வீடாகவே இருக்கலாம். ஒரே வாங்குபவரை நம்பி நட்ட கொடியும் செடியும் ஒரே கதியைத்தான் அடைகின்றன. ஒயின் செய்தி எங்கோ பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொடியைப் பிடுங்கும் அந்த போர்தோ விவசாயியின் முகம் எனக்கு நம் மலையின் கட்டபெட்டு ஊரிலும் தெரியும்.

மோசடிச் செய்திகளையும் படியுங்கள், அவை நல்ல பாடம். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு ஏலம். பர்கண்டியின் பொன்சோ குடும்பத்துக் க்ளோ சாந்தெனி ஒயின் பாட்டில்கள் பட்டியலில் இருந்தன, 1945 முதல் 1971 வரையிலான வருடங்களுடையவை. அந்தக் குடும்பத்து லோரான் பொன்சோ பிரான்ஸிலிருந்து நேரில் வந்துவிட்டார். காரணம் எளிது. அவர்கள் வீட்டில் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982இல்தான். பாட்டில்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர் ரூடி குர்னியவான், அன்றைக்குப் பெரும் சேகரிப்பாளர் என்று பெயர் எடுத்தவர். 2012 மார்ச்சில் அவரைக் கைது செய்து வீட்டைச் சோதித்தபோது கட்டுக்கட்டாக லேபிள்கள் கிடைத்தன. 2014இல் பத்து வருடச் சிறைத் தண்டனை. எத்தனையோ அனுபவசாலிகள் அவர் ஊற்றிய ஒயினைப் புகழ்ந்திருக்கிறார்கள். பிடித்தது யாருடைய நாக்கும் அல்ல, ஒரு தேதி. ஆகவே நாக்கை நம்புங்கள் என்று நான் சொல்லும்போது, வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள் என்று சேர்த்தே சொல்கிறேன்.

இனி உங்கள் இரண்டு பாட்டில்கள். இரண்டையும் ஒரே நாளில் திறங்கள், வேறு யாராவது சுற்றி ஊற்றட்டும். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடி என்று எழுதியிருப்பார்கள். அது 16, 18 டிகிரி, சென்னை வீட்டு அறை அல்ல. கோத்தகிரியில் மற்ற மாதங்களில் உங்கள் அறையே சரியாக இருக்கும். ஆனால் தை மாத இரவில் வீட்டுக்குள்ளேயே 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும், அந்தக் குளிரில் துவர்ப்பு முரடாகவும் வாசனை ஊமையாகவும் தெரியும். கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு மறுபடி மோந்து பாருங்கள், வேறு ஒயின் போல இருக்கும்.

ஷிராஸில் மிளகைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நாவற்பழத்தையும் பழுத்த பிளம்ஸையும் தேடுங்கள். கூனவாரா கேபர்னேவில் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கலாம். அந்த ஊர் ஒயின்களில் புதினாவும் யூகலிப்டஸும் மணக்கும் என்று பெயர். ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும்போது அவற்றின் எண்ணெய் காற்றில் வந்து பழத்தில் படிகிறது, மரத்துக்குப் பக்கத்து வரிசைகளில் அந்த வாசனை அதிகம் என்று ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த மரம் அங்கிருந்து நம் மலைக்கு வந்தது 1840களில். பிளாக்கரன்ட் தெரியாது என்று வருந்தினீர்களே, மும்பை வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாத அந்த வாசனை உங்களுக்குச் சளி பிடித்த நாளெல்லாம் நெஞ்சில் தேய்த்த நீலகிரித் தைலமாகத் தெரியும்.

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். மிச்சத்தைச் சின்னப் பாட்டில்களில் விளிம்புவரை ஊற்றி மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். காற்று இல்லாவிட்டால் மூன்று நாள் தாங்கும். ஒவ்வொரு மாலையும் ஒரு வாய் எடுத்து, அன்றன்றைக்குத் தனித் தாளில் எழுதுங்கள். மூன்று தாளையும் எனக்கு அனுப்புங்கள், எது எந்த பாட்டில் என்று எழுதாமல். நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன்.